என் மகன் நேவியில்

அன்றைக்குப் பாரிசில் லா சப்பல் சாப்பாட்டுக்கடைக் குசினியில் நின்றவர்கள்: கொத்துரொட்டி போடுகிற அண்ணை, மன்னார் ஆள். மரக்கறி வெட்டுகிற அக்கா, மட்டக்களப்பு. தோசைக்கல்லில் நிற்கிற தம்பி, யாழ்ப்பாணம், கலியாணம் கட்டி இரண்டு வருசம். பாத்திரம் கழுவ நான், முல்லைத்தீவு.

மத்தியானச் சனம் போய், நாங்கள் சாப்பிட இருந்த நேரம். அரபு நாடுகள் பக்கம் சண்டை தொடங்கி ஒரு மாதம் இருக்கும். தம்பி ரெலிபோனைச் சுவரோடு சாய்த்து வைத்தான். கடலில் ஒரு போர்க்கப்பல். பக்கத்தால் ஏதோ வந்து அடித்தது. நெருப்பு. பிறகு புகை மட்டும்.

"பாத்தியளே, மிசைல். நேவிக்கு நல்ல பூசை," என்றார் கொத்து அண்ணை.

"ஆரின்ர நேவியெண்டு தெரியாமலே துள்ளுறியள்," என்றா அக்கா.

"நேவியெண்டால் காணும் எனக்கு."

தம்பி சிரித்தான். "அண்ணை மீன்குழம்பு சாப்பிட்டாலும் நேவியைத் திட்டிப்போட்டுத்தான் சாப்பிடுவார்."

அவரில் பிழை சொல்ல ஏலாது. ஊரில் என் சொந்த அண்ணை வலையோடு போனவர். இலங்கை நேவி சுட்டது. மூன்றாம் நாள் உடம்புதான் கரைக்கு வந்தது. அதுக்குப் பிறகு நேவிக் கப்பல் எரிந்தால் கரையில் நின்று கைதட்டுவோம். நானும் தட்டினேன்.

என் மகன் பாரிசில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் பிரெஞ்சு நேவியில் சேர்ந்தான். கப்பலில் சமையல். இனி என் வாசல் மிதியாதே என்றேன். அவன் சண்டை பிடிக்கவில்லை. உடுப்பை அடுக்கிக்கொண்டு போனான். பிறகு தாயோடு மட்டும் கதைப்பான். அவ ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டு விடுவா. நான் அறைக்குள் இருந்து கேட்பேன். அவன் பிரெஞ்சில் சொல்லுவான், அவ தமிழில் சொல்லுவா. எனக்குப் பாதி விளங்காது. குரல் கேட்டால் காணும். கதை முடிந்த பிறகு தண்ணீர் குடிக்கிற மாதிரி வெளியே வருவேன்.

கடையில், மகன் தெற்கே தூலோன் பட்டினத்தில் ஹோட்டல் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன்.

இரண்டு கிழமைக்கு முதல், அந்தச் சண்டைக் கடலுக்குத்தான் போறம், இனிக் கதைக்க ஏலாது என்று தாய்க்குச் சொன்னவன். பிறகு கதையில்லை.

"தம்பி, திருப்பிப் போடு."

போட்டான்.

"இன்னொருக்கா."

"என்ன அண்ணை, சினிமாவே பாக்கிறியள்?"

"எந்த நாட்டுக் கப்பல்?"

"இன்னும் சொல்லேல்லை."

கொடியைத் தேடினேன். புகையில் தெரியவில்லை.

"என்ர மகன் நேவியில," என்றேன். "அந்தக் கடலிலதான் நிக்கிறான்."

கொத்து அண்ணை கையில் எடுத்த சோற்றைத் தட்டில் திருப்பி வைத்தார். எழும்பிப் போய்க் கை கழுவினார். வந்து தம்பியின் ரெலிபோனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஹோட்டல் எண்டெல்லோ சொன்னனீர்?"

"ஓம்."

"கப்பலில என்ன வேலை?"

"குசினி."

"குசினி கப்பலின்ர எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. நான் அவனிடம் ஒன்றும் கேட்டதில்லை.

"வீட்டை போங்கோ," என்றா அக்கா. "பாத்திரம் கிடக்கட்டும். நாங்கள் பாப்பம்."

வீடு இருக்கிற எபினேக்கு றெயின் எடுத்தேன். மனைவி மடியில் ரெலிபோனோடு இருந்தா. அவவும் பார்த்துவிட்டா. நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். ரெலிபோன் அடித்தது. அவ பார்த்தா. எடுக்கவில்லை. என்னிடம் நீட்டினா.

"மமோ?" என்றான், தாய் என்று நினைத்து.

"அப்பா."

பிறகு தமிழில் கதைத்தான்.

"அடிபட்டது எங்கட கப்பல் இல்லை அப்பா. வேற நாட்டுக் கப்பல். தண்ணியில கிடந்த ஆக்களை நாங்கள்தான் ஏத்தினாங்கள்."

"உயிரோடயோ?"

"கொஞ்சப் பேர்."

"சாப்பிடக் குடுத்தனியோ?"

"ஓம். சூப் வைச்சனான்."

"லீவு தந்தால் வீட்டை வா," என்றேன்.

லைன் அறுந்துவிட்டது. அவனுக்குக் கேட்டதோ தெரியாது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தோம். திருப்பி அடிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?" என்று மனைவி கேட்டா.

ரெலிபோனைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு செக்கன்.