மூக்கால் எடுக்காதே

சித்தப்பா இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், காபி குடித்து முடிப்பதற்குள், "இந்தத் தெருவுக்கே மொத மொத டச் போன் கொண்டாந்தது யாரு?" என்று ஆரம்பித்துவிடுவார். நைனா சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். டம்ளரை எடுக்கும் சாக்கில் உள்ளே போய்விடுவேன். அங்கேயே நின்றால் ஏதாவது சொல்லிவிடுவேன், சொன்னால் பாதி என் தலையிலேயே வந்து விழும். அதனால்தான் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் இருக்கிறேன்.

அப்போது நான் செஞ்சியில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். நைனா நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா சித்தாள் வேலைக்குப் போனாள். கட்டடம் கட்டும் இடத்தில் கலவை அள்ளிக் கொட்டுவதும் கல் சுமப்பதும் அவள் வேலை. அவளிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. எண்கள் எல்லாம் தேய்ந்துபோன போன்தான், ஆனால் ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலு நாள் நிற்கும். காலையில் மேஸ்திரி கூப்பிட்டு, இன்றைக்கு வேலை அனந்தபுரத்திலா மண்டகப்பட்டிலா என்று சொல்வார். அம்மா கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பேசுவாள். அதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

சென்னையில் வேலை செய்த சித்தப்பா புதிதாக ஒரு போன் வாங்கினார். மூலையில் விரிசல் விட்ட தன் பழைய டச் போனை அம்மாவுக்குத் தானமாகக் கொடுத்தார். கொடுத்த கையோடு அம்மாவின் பட்டன் போனை எடுத்து, "அவசரத்துக்கு எனக்கு ஆவும் அண்ணி, இதுலதான் சார்ஜ் நிக்குது" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இதைத்தான் பன்னிரண்டு வருஷமாக உபகாரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் போனில் யாராவது கூப்பிட்டால் திரையில் ஒரு பச்சை வட்டம் வரும். அதை வலப்பக்கம் இழுத்தால்தான் பேச முடியும். நான் இழுத்தால் வந்தது. நைனா இழுத்தால் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வந்தது. அம்மா இழுத்தால் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். "கலவ தட்டற மாரி தட்டாதீங்க அண்ணி, மெதுவாத் தொடுங்க" என்றார் சித்தப்பா. நைனா அழுத்தி இழுக்கச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா கையைத் துடைத்துவிட்டு இழுக்கச் சொன்னாள். எல்லோரையும்விட நான்தான் மோசம். "ஒண்ணாங்கிளாஸ் புள்ளகூட எடுக்குது, உன்னால முடியலயா?" என்று கேட்டேன். அம்மா தன் பட்டன் போனையே திருப்பிக் கொடுத்துவிடும்படி சித்தப்பாவிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். "பழகிக்கணும் அண்ணி" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது திரும்பி வருவதில் இஷ்டமில்லை. டச் போனில் கார் ஓட்டும் விளையாட்டு இருந்தது. வகுப்பில் வேறு, எங்கம்மாவிடம் டச் போன் இருக்குது என்று பீற்றிவிட்டு வந்திருந்தேன்.

ஒருநாள் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரண்டு கையிலும் சாம்பல். யார் என்று பார்க்கக் குனிந்தவளின் மூக்கு திரையில் பட்டு நகர்ந்தது. உடனே போனுக்குள்ளிருந்து மேஸ்திரி "அலோ" என்றார். அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று முதல் மூக்குதான். போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, வேண்டாம் என்று தலையாட்டுவதுபோல் மூக்கை ஒரு இழுப்பு இழுப்பாள். வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். தானும் சேர்ந்து சிரித்ததாக வந்து சொன்னாள்.

எனக்கு மானமே போயிற்று. "மூக்கால எடுக்காதம்மா. பாக்கறவங்க பைத்தியம்னு சொல்வாங்க" என்று கத்தினேன்.

"வெரல்ல வரலியே பாப்பா. இன்னா பண்ணச் சொல்ற?"

"வரலன்னா எடுக்காத. வெளிய நாலு பேர் இருந்தா மூக்குல வெக்கவே கூடாது. என் தல மேல சத்தியம் பண்ணு."

அவள் சிரித்துக்கொண்டே என் தலையில் கை வைத்தாள். அந்த விரல்களின் வெடிப்பில் என் முடி சிக்கி இழுபட்டது. வலிக்குது என்று அதற்கும் சேர்த்துக் கத்தினேன்.

அதே மாதத்தில்தான் அந்த வேலைப் பேச்சு வந்தது. பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதி. அங்கே இருந்த சமையற்கார அம்மா எங்களுக்குத் தூரத்து உறவு. காய் நறுக்க, மாவு அரைக்க ஒரு ஆள் வேண்டும் என்று வார்டனிடம் கேட்டிருந்தார். "இந்த வாரத்துல எப்ப வேணா அடிப்பேன். போன மட்டும் எடுத்துடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வெயில் கிடையாது, சுமை கிடையாது. முக்கியமாக, சிமென்ட் கிடையாது. சிமென்டில் இனிமேல் கை வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால், அந்த நம்பருக்கு நான் ஒரு இட்லிப் படம் வைத்துக் கொடுத்தேன். இட்லி வந்தால் வேலை வந்தது என்று அர்த்தம்.

அடுத்து வந்தது அமாவாசை. அமாவாசையன்று கட்டட வேலை கிடையாது. வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள அம்மா என்னை மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஸ்பெஷல் பஸ்ஸுக்குச் சரியான கூட்டம். வரிசையில் பத்து ஆள் முன்னால் என் வகுப்புத் தோழி அவள் அம்மாவோடு நின்றிருந்தாள். நான் அம்மாவை விட்டுவிட்டு அங்கே ஓடினேன்.

"டச் போன் வச்சிருக்காங்கன்னு சொன்னியே, அவங்கதான உங்கம்மா?" என்று கேட்டாள் தோழி. நான் பெருமையாகத் தலையாட்டிய நேரம் பார்த்துப் போன் அடித்தது. நான் வைத்த பாட்டு, எனக்குத் தெரியாதா? அம்மா கட்டைவிரலால் இழுத்தாள், ஆள்காட்டி விரலால் இழுத்தாள், முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் இழுத்தாள். "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டாள். காதில் விழாதவள்போல் நின்றேன். பாட்டு நின்றது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது. "எடும்மா, காது கிழியுது" என்று பக்கத்தில் நின்றவர் எரிந்து விழுந்தார். அம்மா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டு போனாள். அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை உருட்டி, கூடாது என்று தலையாட்டினேன். அவள் போனை இறக்கிக்கொண்டாள். பாட்டு முடியும்வரை அது அவள் கையிலேயே அடித்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஏறியதும், "பாப்பா, அந்த நம்பருக்குப் போட்டுக் குடு" என்று நீட்டினாள். போன் அணைந்திருந்தது. காலையிலிருந்து நான் கார் ஓட்டியதில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அந்தச் செத்த போனை மடியில் செருகிக்கொண்டுதான் அம்மா அங்காளம்மன் எதிரே நின்று, வேலை கிடைக்க வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டினாள். வீடு திரும்பி, கரண்ட் வந்து, சார்ஜ் ஏறி, நான் கூப்பிட்டுக் கொடுத்தபோது அந்தச் சமையற்கார அம்மா ஒரே பேச்சாக முடித்துவிட்டார்.

"ரெண்டு தபா அடிச்சேன், நீ எடுக்கல. ஒடனே ஆள் வேணும்னு வார்டனம்மா தலமேல நிக்கறாங்க. வேற ஆளச் சொல்லிட்டேன்."

"ஒரு போன் எடுக்கத் துப்பில்ல" என்று நைனா கத்தினார். சித்தப்பா விஷயம் கேள்விப்பட்டு, அண்ணிக்கு டெக்னாலஜி வராது என்று சொல்லிச் சிரித்தாராம். அம்மா என் பெயரை எடுக்கவே இல்லை. மறுநாள் காலையில் கலவை அள்ளப் போனாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் போனாள்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வைத்தார்கள். அம்மா ஒவ்வொரு விரலாக வைத்தாள். "ரேகையே உழலம்மா. வூட்ல வேற யார்னா இருந்தா வரச் சொல்லு" என்றார் கடைக்காரர். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"உடு பாப்பா, அவுரு இன்னா பண்ணுவாரு? இருந்தாத்தான உழும்" என்றாள் அம்மா.

அப்போதுதான் அவள் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பத்து விரலின் நுனியும் காய்த்து, ஓரமெல்லாம் வெடித்து, நடுவில் ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. சிமென்ட் தின்றுவிட்டிருந்தது. மெதுவாகத் தொடு, அழுத்தித் தொடு என்று அத்தனை பேர் பாடம் எடுத்தோமே, ஒருத்தராவது அந்த விரலைப் பார்த்தோமா? அந்த வாய்க்கொழுப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. சித்தப்பா மேல் பாதி, மீதி என் மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இரண்டாவது முறை போன் அடித்தபோது, நான் நின்ற இடத்திலிருந்து திரை தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அதில் இட்லிப் படம் வந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்த ஒரு தடவை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு நின்றாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் போனை இறக்கியதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது.