எனக்குத் தெரிந்த தடை

தொழிற்சாலையில் ஸ்டெல்லாவும் நானும் ஒரே மேசையில் டெலிபோன்களைச் சோதித்துப் பட்டியலில் குறி போடுவோம். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருவருக்கும் ஒரே மாதா கோயில். ஒருநாள் வீட்டுப் பத்திர நகல் வாங்கப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் அவள் பெயர் இருந்தது. எங்கள் டிராயிங் பிரிவு நாகராஜை அவள் பதிவுத் திருமணம் செய்யப்போகிறாள். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம்.

"பையன் இந்து சார், அவள் கிறிஸ்தவப் பெண்," என்றேன் அங்கிருந்த கன்னடக் குமாஸ்தாவிடம்.

"நோடம்மா, வயசு குறைவா, முன்னமே கல்யாணம் ஆயிருக்கா, புத்தி சரியில்லையா, ரத்த சொந்தமா? இதுல ஏதாச்சும் இருந்தா சொல்லு. மதம் எங்க லிஸ்ட்லயே இல்ல."

சர்க்கார் இதை எப்படி விட்டுவிட்டது என்று எனக்குக் கோபமே வந்தது. அன்று மாலையே அவள் அப்பாவிடம் சொன்னேன்.

"நல்ல நேரத்துல சொன்னேம்மா, என் மானத்தக் காப்பாத்தினே," என்றார். மறுநாளிலிருந்து ஸ்டெல்லா வேலைக்கு வரவில்லை.

அதிலிருந்து மூன்றாம் ஞாயிறு பூசையில், அவளுக்கும் கோலார் மாப்பிள்ளை ஒருவருக்கும் கல்யாணம் என்று சாமியார் சபைக்கு அறிவிக்கும் ஓலையை வாசித்தார். "இதற்குத் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்."

பெண்ணுக்குச் சம்மதமில்லை என்பதைவிடப் பெரிய தடை எங்கள் திருச்சபையில் கிடையாது. ஞானோபதேச வகுப்பில் நான் தவறாமல் ஒப்பித்த பாடம் அது. அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா திரும்பி என்னையே பார்த்தாள்.

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அடுத்த இரண்டு ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. விசுவாசத்துக்காகத்தான் அவளைக் காட்டிக்கொடுத்தேன் என்று அதன்பின் என்னால் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை.