சேவா நகர் என்று சொல்லக் கூடாத ஞாயிற்றுக்கிழமை

ஊரைச் சுற்றி ஓடும் ரிங் ரயில் கடக்கும்போதெல்லாம் எங்கள் சமையலறைத் தட்டுகள் கடகடவென்று ஆடும். அடுப்புக்கரிப் புகை ஜன்னல் வழியே வந்து துவைத்த சட்டையில் உட்காரும். அது டில்லி சேவா நகர். எழுபதுகளின் கடைசி...

அரசாங்கம் குவார்ட்டர்ஸ் கட்டியபோது சம்பளத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது என்பார்கள். பெரிய அதிகாரிகளுக்கு ஷான் நகர், அதாவது பெருமை. குமாஸ்தாக்களுக்கு விநய் நகர், பணிவு. பியூன்களுக்கு சேவா நகர், ஊழியம்.

பிறகு யாருக்கோ கூச்சம் வந்து தலைவர்களின் பெயர்களாக மாற்றினார்கள். விநய் நகரில் ஒரு பகுதி லக்ஷ்மிபாய் நகர் ஆயிற்று. எங்களை மாற்ற மறந்துவிட்டார்கள்.

அப்பா ஒரு மத்திய அமைச்சகத்தில் கோப்பு தைக்கும் டஃப்தரி. அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, குமாஸ்தா. லக்ஷ்மிபாய் நகர்.

அக்காவைப் பெண் பார்க்க ஆர்.கே.புரத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பெரியப்பா வீட்டைக் கேட்டு வாங்கினாள். "நம்ம காலனி பேரை யாரும் வாயத் தொறந்து சொல்லப்படாது" என்று எங்களுக்கு உத்தரவு.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. கிளம்பும் நேரத்தில் அவருடைய அப்பா சாதாரணமாகக் கேட்டார், "நீங்களும் இதே காலனிதானா?"

அப்பா தொண்டையைச் செருமினார். பெரியப்பா முந்திக்கொண்டார்.

"எந்தம்பி சேவா நகர்லல்லா இருக்கான். பியூன் குவார்ட்டர்ஸ். இருந்தாலும் ரொம்ப யோக்கியன்."

அந்த 'இருந்தாலும்'...

"அச்சா" என்றார் வந்தவர். "ஜாதகம் பாத்துட்டுச் சொல்றோம்." ஜாதகம் பார்த்துப் பொருந்திய பிறகுதான் அவர்கள் வந்தார்கள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா கேட்டாள், "ஏம்மா, ஜாதகம் என் பேருக்கா, காலனி பேருக்கா?"

"சும்மா இருட்டி. தமிழ் தெரிஞ்சவங்க இருப்பாங்க."

கண்டக்டர் வந்ததும் அக்கா பஸ் முழுக்கக் கேட்கும்படி, "பையா, சேவா நகர்!" என்று நாலு டிக்கெட் கேட்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா பிறகு ஸ்டெனோ ஆகி, கூட வேலை பார்த்தவரையே கல்யாணம் செய்துகொண்டு ஜனக்புரியில் நன்றாகவே இருக்கிறாள். அந்தக் குவார்ட்டர்ஸ்கள் பலவற்றை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். இப்போதெல்லாம் புதுக் கட்டடங்களுக்கு வெளிநாட்டுப் பெயர் வைக்கிறார்கள். பெயரைக் கேட்டு யாருடைய சம்பளத்தையும் கண்டுபிடிக்க முடியாது. என் மகனிடம் இந்தக் கதையைச் சொன்னால், "ஸோ வாட், பா?" என்கிறான்.

பெரியப்பாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. அக்கா மாதம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போகிறாள், கையில் தட்டை, முறுக்கோடு. காரில் கொண்டுவிடுவது நான்தான். அவர் இருக்கும் மாடிக்கு நான் ஏறுவதில்லை.

"ஒந்தம்பி வரலியாட்டி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாராம்.

பார்க்கிங் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவாளாம் அக்கா.