முன்மேசையில் மூன்று பேர்

எங்கள் காஞ்சிபுரத்தில் மீன் சாப்பிடாதவர்களைவிட, மீன் சாப்பிடுவதை மறைக்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகவே அந்தப் பழைய மீன் ஓட்டலில் ஓர் உள்ளறை உண்டு. வெள்ளைக்காரன் காலத்துக் கடை. பளிங்கு மேசைகள்கூட அன்றைக்குப் போட்டவைதான் என்பார்கள். உள்ளறைக்கு ஒரு பச்சைத் திரை. அதன் பின்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் பரிமாறுகிறவர் பேர் சொல்ல மாட்டார். "உள்ளே ரெண்டு வஞ்சிரம்" என்பதோடு சரி. பின்பக்கச் சந்தில் நிற்கிற ஸ்கூட்டரைப் பார்த்தே யார் யார் என்று ஊருக்குத் தெரியும். ஆனாலும் அது ரகசியமாம்.

நான் தறி நெய்கிறவள். என் அப்பா காலம் வரை எங்கள் தெருவில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடா ஓட்டிச் சேர்க்கிற கோர்வை வேலை எனக்கு நன்றாக வரும். அதனால்தான் தறிக்குப் பாவு நூல் கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளி, கோயிலில் அம்மனுக்குச் சாத்துகிற புடவையை என்னை நம்பிக் கொடுத்தார். "இத நல்லா முடி. அடுத்த சாமி பாவும் உனக்குத்தான்" என்றார். சாமி பாவு தொடர்ந்து கிடைத்தால் அப்புறம் தறி காலியாக நிற்காது. எங்கள் தெருவில் யாருக்கும் வாய்க்காத இடம் அது. எனக்கு அது வேண்டும் என்று வெறியாகவே இருந்தது.

சாமி புடவைக்கு ஒரு வழக்கம் உண்டு. பாவு தறியில் ஏறிய நாள் முதல் நெய்த புடவையை அறுத்து இறக்குகிற நாள் வரை வீட்டில் மீன் வாடையே கூடாது. நானும், மறுபக்கம் நாடா ஓட்டுகிற என் வீட்டுக்காரரும் கருவாட்டைக்கூடத் தொடவில்லை. பயந்து இல்லை, மனசோடுதான் இருந்தோம். பக்கத்து வீட்டில் குழம்பு கொதித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு நெய்தேன்.

அறுத்த அன்று காலையே புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி கண்ணில் ஒற்றிக்கொண்டார். மத்தியானம் என்னோடு பள்ளியில் படித்த இரண்டு பேருடன் மீன் ஓட்டலுக்குப் போனேன். ஒருத்தி ஏனாத்தூரில் காலேஜ் ஆபீசில் வேலை செய்கிறாள். இன்னொருத்தி ஐயம்பேட்டையில் பாவு நூல் சுற்றுகிறவள். வாசலை ஒட்டின முன்மேசையில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தோம்.

தாமல் ஏரி விரால் குழம்பு, வஞ்சிரம் வறுவல், நெத்திலி. முதல் வாயிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரத்தால் இல்லை. "இன்னாடி, மீனப் பாத்து அழுவற?" என்று ஐயம்பேட்டைக்காரி கேலி செய்தாள். அவள் முள் எடுப்பதே பாவில் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி இருக்கும்.

பாதிச் சாப்பாட்டில் கடைக்காரர் வேகமாக வந்து குனிந்தார். "எம்மா, உங்க முதலாளி எதிர்ல வண்டிய நிறுத்திக்கினு இருக்காரு. உள்ள போயிடுங்கம்மா. ரூமு காலியாத்தான் இருக்குது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவருக்கும் அதுதான் பழக்கம்.

"எழுந்து வாடி. பாவு முக்கியமா, மேசை முக்கியமா?" என்றாள் ஏனாத்தூர்க்காரி.

"சும்மா உக்காரு. திருடியா துன்றோம்?" என்றாள் மற்றவள்.

உண்மையைச் சொல்கிறேன். நான் அதற்குள் நாற்காலியைப் பின்னால் தள்ளியிருந்தேன். எச்சில் கையோடு பாதி எழுந்தும் விட்டேன். என் கால் என்னைக் கேட்காமலே திரைப் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலாளி உள்ளே வந்தார். கையில் காலி டிபன் கேரியர். என்னைப் பார்த்ததும் அது வேட்டி மறைவுக்குப் போனது.

"இன்னாம்மா, இன்னைக்கேவா?"

"காலையிலயே அறுத்துக் குடுத்துட்டேனே முதலாளி."

"துன்றத வேணான்னு சொல்லல. உள்ள உக்காரக் கூடாதா? நாலு பேரு பாத்தா, சாமி புடவைய இந்தக் கையா நெய்ஞ்சதுன்னு கேப்பாங்க."

"கேட்டா ஆமான்னு சொல்லுங்க."

முதலாளி கேரியரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் இன்னொரு வஞ்சிரம் சொன்னேன். அதையும் முள் வரை தின்றேன்.

பன்னிரண்டு நாள் தறி சும்மா நின்றது. பதின்மூன்றாம் நாள் அவருடைய ஆள் பாவோடு வந்தார். அரக்குச் சிவப்பு. பார்த்ததும் கை பரபரத்தது. "இனிமே உள்ள உக்காருவேன்னு ஒரு வார்த்தை வாங்கிக்கினு பாவ இறக்கச் சொன்னாருமா" என்றார்.

"பாவு வேணும்பா. அந்த வார்த்தை வராது. எடுத்துக்கினு போயிடு."

வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து அழுதேன். என் வீட்டுக்காரர் அன்று முழுக்க வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள், "என்னக் கேட்டிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். பொய்தான். அந்தப் பொய்க்காகவே அவருக்கு இரண்டு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தேன்.

இப்போது ஐயம்பேட்டையில் வேறொருவருக்குச் சாதாப் புடவை நெய்கிறேன். கூலி குறைவு. சாமி புடவை கிடையாது. ஊரில் யாராவது அம்மன் புடவையைப் பற்றிப் பேசினால் இன்னமும் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் அறுத்த அன்றைக்கு நான் எங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்குச் சொல்ல எவனும் வருவதில்லை.