நூற்றுக்கு எண்பது

அண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசக் கருவியோடு படுத்திருந்த நாட்களில், அந்தக் கருவியைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அண்ணியின் சித்தப்பா. பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்குபவர். தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருப்பதாக முதலியார்பேட்டையில் யாரிடமும் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

கருவியின் திரையில் ஒரு மூலையில் முதல் நாள் நாற்பது என்றிருந்தது. மறுநாள் அறுபது. மூன்றாம் நாள் காலையில் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், "மாப்ள எம்பதுக்கு வந்துட்டாரும்மா. நூத்துக்கு எம்பது. பாஸு" என்றார். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். பாரீசில் இருக்கும் அண்ணன் மகனுக்கு, தாத்தா முறையில், சித்தப்பாவே போன் போட்டு, "டிக்கெட்டு போடாத. அப்பாவுக்கு மார்க்கு ஏறுது" என்றார். வராந்தாவில் காத்திருந்த மற்ற நோயாளிகளின் உறவினர்களும் தங்கள் எண்ணைச் சொல்லி அவரிடம் ரிசல்ட் கேட்டார்கள்.

எனக்குச் சந்தேகம். நர்ஸிடம் கேட்டேன்.

"அது மெஷின் குடுக்கிற ஆக்சிஜன் அளவு சார். அவரு நுரையீரல் சரியா வாங்க மாட்டேங்குது, அதான் ஏத்திக்கிட்டே போறோம். கொறஞ்சாதான் நல்லது."

சித்தப்பாவிடம் சொன்னேன். "கொறஞ்சா நல்லதுன்னா அத எதுக்குப்பா நூத்துக்குப் போடுறான்?" என்று கருவி செய்தவனைத் திட்டினார். பையனுக்குத் திரும்பப் போன் போட மறுத்துவிட்டார். காலையில் சொன்னதை மதியம் மாற்றினால் மரியாதை போய்விடுமாம்.

நான் பேசினேன். உடனே கிளம்பி வா என்றேன்.

"தாத்தா பாஸுன்னு சொன்னாரே" என்றான்.