அக்காவின் பெயரில் மின்சாரம்

உள்ளே ஒன்றுமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்த ஓவன்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் நான் அறை வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறையில், குளிர்காலத்துப் பகல்களில், அதன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியும். கம்பித் தட்டுகள் சூடேறி அவ்வப்போது 'டக்' என்று சத்தமிடும். கேக்கும் இல்லை, கோழியும் இல்லை. வீட்டுக்கார அக்கா வெளியே கிளம்பும்போது, காலுறைக்கு மேல் காலுறை போட்டுக்கொண்டே என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். "பிள்ளை, நான் போய்க் கொஞ்ச நேரத்தாலை உந்த ஓவனைப் போட்டு விடும். பிறகு நிப்பாட்டும். மறந்துபோகாதையும்." முதல் தடவை, உள்ளே என்னக்கா வைக்கணும் என்று கேட்டேன். "ஒண்டும் வைக்கத் தேவையில்லை" என்றார். குரலில் கோபம் இல்லை. மேற்கொண்டு கேட்காதே என்பது மட்டும் இருந்தது. நானும் கேட்கவில்லை. சேலத்திலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இந்த ஊரில் இப்படியும் ஒரு வழக்கம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்து ஒஸ்லோ வந்தவள் நான். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணமாகி நோர்வேக்கு வந்து ஏறக்குறைய என் வயது அளவுக்கு ஆண்டுகள் கடந்திருந்தன. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தார். ஒரே மகள் வேறு நகரத்தில் படிக்கப் போய்விட, காலியான அவள் அறையில்தான் நான் இருந்தேன். அக்காவின் கணவர் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். விடுமுறைகளுக்கு மட்டும் வருவார். நான் குடிவந்தபோது அவர் அங்கே இருந்தார். அதனால் வெகுநாள் வரை அவரை நான் குரலாக மட்டுமே அறிந்திருந்தேன். என்னைத் தங்கச்சி என்றுதான் விசாரிப்பார்; நானும் அவரை அண்ணன் என்றே சொல்வேன். மிகவும் மென்மையான குரல். யாரையும் அவர் அதட்டி நான் கேட்டதே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் மின்சாரத்தின் விலை ஏறிப்போய், நாடு முழுவதும் அதே பேச்சாக இருந்தது. ஒஸ்லோத் தமிழர்கள் மின்சாரத்தை நோர்வேஜிய மொழியில் ஸ்த்ரோம் என்பார்கள். நான் கரண்ட் என்பேன். அக்கா அதைக் கேட்டுச் சிரிப்பார். இங்கே மீட்டர் தானாகவே மணிக்கு மணி கணக்கு அனுப்பிவிடும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் கைபேசியில் அதைப் பார்க்கலாம். எந்த நேரத்தில் வீடு எவ்வளவு தின்றது என்று கோடு ஏறி இறங்கிக் காட்டும். என் அலுவலகத்தில் எல்லோரும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் துணி துவைத்தார்கள். அக்காவின் வீட்டு இணைப்பு அண்ணனின் பெயரில் இருந்தது. வீடு வாங்கிய காலத்தில் அவர் எழுதிக் கொடுத்தது அப்படியே தொடர்ந்தது. வடக்கே இருந்துகொண்டே அவர் வீட்டுச் செலவைக் கவனிப்பதை ஊரே மெச்சியது. நகரத்தின் குறொன்லாண்டில் உள்ள தமிழ்க் கடைக்கு அரிசி வாங்கப் போனால் கடைக்காரர், "உங்கடை அவர் கணக்கான ஆள்" என்பார். அக்கா கறிவேப்பிலையை எடுத்துப் பார்த்துக்கொண்டே "ஓம்" என்பார்.

அக்கா சமைக்கும்போது கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அலமாரியில் சாய்த்து வைத்திருப்பார். அப்படித்தான் அந்த உரையாடல்கள் என் காதில் விழுந்தன. "இஞ்சரும், நேற்றுப் பகல் தண்ணி சூடாகியிருக்கு. ஆர் குளிச்சது?" என்று தொடங்கும். விலை ஏறிய காலம், கேட்பதில் தவறில்லை என்றே நினைத்தேன். பிறகு கேள்விகள் வேறு பக்கம் திரும்பின. "செவ்வாய்க்கிழமை பகல் முழுக்கக் கோடு படுத்துக் கிடக்கு. உமக்கு வேலையில்லாத நாளெல்லே. எங்கை போனனீர்?" அக்கா வெங்காயத்தை வதக்கிக்கொண்டே, "படுத்திருந்தனான், தலையிடி" என்பார். பிறகு "சரி, குளிசை போடும்" என்ற கனிவான குரல் வரும். நான் வீட்டில் இருந்தாலும் என் மடிக்கணினிக்கு அந்தக் கோட்டை அசைக்கும் சக்தி கிடையாது. ஓவனுக்கு உண்டு. வெறும் ஓவன் ஏன் எரிகிறது என்பது மெதுவாக எனக்குப் புரிந்தது. ஆனால் அக்கா வாய் திறக்காத விஷயத்தை நான் எப்படிப் பேசுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே வந்து என் அறைக் கட்டிலில் உட்கார்ந்தார். "பிள்ளை, நீர் கொம்பியூட்டர் ஆள். உந்த ஸ்த்ரோம் கொம்பனியை மாத்தலாமோ எண்டு ஒருக்காப் பாரும்" என்றார். விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. பொறுப்பாக ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இப்ப இருக்கிறதுதான்க்கா இருக்கிறதுலயே மலிவு. மாத்தினா கொஞ்சம் கூடத்தான் வரும்" என்றேன். நல்ல செய்தி சொல்லிவிட்ட நிறைவு எனக்கு. அக்கா போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "கூட எண்டாலும் பரவாயில்லை. என்ரை பேரிலை எடுக்கலாமோ எண்டு பாரும்."

அன்றைக்குத்தான் தான் எங்கே போகிறேன் என்பதைச் சொன்னார். வெஸ்ட்லி, ஐந்தாம் இலக்க ரயில் பாதையின் ஒரு முனை. மறுமுனையில் சொங்ஸ்வான் என்ற ஏரி. அக்கா இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்குவார். ஏரியை ஒரு சுற்று நடப்பார். குளிர்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும். சனங்கள் நாயோடும் பிள்ளைகளோடும் போய்க்கொண்டிருப்பார்கள். யாரும் அக்காவைத் தெரிந்தவர்கள் இல்லை. நடந்து முடித்ததும் மறுபடி ரயில் ஏறி வந்துவிடுவார். அவ்வளவுதான். இதை அண்ணனிடம் சொல்லிவிட்டே போகலாமே என்று கேட்டேன். அக்கா யோசித்துத்தான் பதில் சொன்னார். "சொல்லலாம். சொன்னால் ஆரோடை போனனீர் எண்டு கேப்பார். தனிய எண்டால் ஏன் எண்டு கேப்பார். ஏன் எண்டு எனக்கே தெரியாது பிள்ளை. தெரியாத ஒண்டுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

மறுநாள் புதிய நிறுவனம் ஒன்றுக்கு அக்காவே தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அவருடைய நோர்வேஜியம் கம்பீரமானது. எதிர்முனைப் பெண்ணிடம் சிரித்துப் பேசி, முகவரி சொல்லி, எல்லாம் சுமுகமாகத்தான் போனது. கடைசியில் அந்தப் பெண் ஒன்றைச் சொன்னாள். பெயர் மாற்றத்துக்குப் பழைய வாடிக்கையாளரின் சம்மதம் தேவையில்லை, ஆனால் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதாக அவருக்கு ஒரு செய்தி போகும். அக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். கதவு பூட்டியிருக்கவில்லை. திறந்தால் மணி அடிக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த மணியைத் தாண்டி அவரால் போக முடியவில்லை.

அதற்குப் பின் வந்த வாரங்களில் அக்கா ஏரிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். வேலையில்லாத நாட்களில் வீட்டுக்குள்ளேயே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலோரச் சோபாவில் உட்கார்ந்து, கீழே ரயில் வந்து நிற்பதையும் திரும்பிப் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வப்போது என்னிடம் வந்து, "இண்டைக்கு விலை என்ன மாதிரி?" என்று கேட்பார். விலைக்கும் அவருடைய முடிவுக்கும் சம்பந்தம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் நான் பார்த்துச் சொல்வேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். எனக்குள்ளும் ஏதோ மாறியிருந்தது. குளியலறையில் வெந்நீரைத் திறக்கும்போதெல்லாம், முகம் தெரியாத ஒரு மனிதரின் கைபேசியில் ஒரு கோடு ஏறுவது கண்ணுக்குள் தெரியும். தலையில் நுரையோடு குழாயை மூடிவிட்டு நின்றிருக்கிறேன். வேறு அறை பார்க்கலாம் என்று நினைப்பேன். அக்காவைத் தனியாக விட்டுப் போக மனம் வராது.

ஒரு மாலை அக்கா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் இருந்தேன். கைபேசியிலிருந்து அண்ணனின் குரல் வழக்கமான மென்மையோடு வந்தது. "அந்தத் தங்கச்சி ஒவ்வொரு நாளும் தலைமுழுகிறாவோ? விடியக் காலமை கோடு நல்லா ஏறுது. வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை, அண்டைக்கு வீட்டிலை நிக்கேல்லைப் போலை. எங்கை போனவ?" வியாழன் இரவு நான் தோழி ஒருத்தியின் வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "அது அந்தப் பிள்ளையின்ரை பாடு" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார். அவராக அழைப்பைத் துண்டித்து அன்றுதான் பார்த்தேன். தோசை கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னார். "என்னைப் பாக்கிறது வேறை. வீட்டுக்கு வந்த பிள்ளையையும் பாக்கிறதோ."

அடுத்த நாள் காலையில், வேலைக்குக் கிளம்புமுன், நிறுவனத்தை அழைத்துப் பெயரை மாற்றச் சொல்லிவிட்டார். செய்தி போய்ச் சேரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அன்று மாலை தானாகவே அண்ணனுக்குப் பேசினார். "ஸ்த்ரோமை என்ரை பேருக்கு மாத்திப்போட்டன்" என்றார். எதிர்முனையில் தொழிற்சாலையின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "விலை குறைவோ?" என்றார் அண்ணன். "இல்லை. கொஞ்சம் கூட." "சரி" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு பல நாட்கள் அவரிடமிருந்து அழைப்பே வரவில்லை. அக்கா கைபேசியை ஏப்ரனில் போட்டுக்கொண்டு அலைந்தார். கேள்வி கேட்கும் குரலைவிடக் கேட்காத குரல் அவரை அதிகம் வாட்டியது. மாற்றியிருக்கக் கூடாதோ என்று இரண்டொரு தடவை என்னிடமே கேட்டார்.

ஈஸ்டர் விடுமுறைக்கு அண்ணன் வந்தார். பெரிய உருவத்தை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் மெலிந்த, தோள் கூனிய மனிதர். குளிரில் வேலை செய்து விரல்கள் தடித்துப் போயிருந்தன. பெட்டி நிறைய மீன் கொண்டுவந்திருந்தார். எனக்கென்று தனியாகச் சுத்தம் செய்த துண்டுகளும் அதில் இருந்தன. இவருக்கா இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது. இரண்டாம் நாள், தீப்பெட்டி அளவிலான ஒரு கறுப்புக் கருவியை எடுத்துக்கொண்டு வாசல் கூடத்திலிருந்த மீட்டர்ப் பெட்டியைத் திறந்தார். மீட்டரில் சிறிய துவாரம் ஒன்று உண்டு. அதில் இந்தக் கருவியைச் செருகிவிட்டால், எந்த நிறுவனத்தின் மின்சாரமாக இருந்தாலும் கோடு அவருடைய கைபேசிக்கே நேராகப் போய்விடும். மணிக்கு மணி அல்ல, நொடிக்கு நொடி. ஆனால் அந்தத் துவாரம் சும்மா வேலை செய்யாது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கேட்டுக்கொண்டால்தான் மின் நிறுவனத்தார் திறந்து விடுவார்கள்.

"இஞ்சரும்," என்று கூப்பிட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் அறைவாசலில் நின்றேன். "இப்ப உம்மடை பேரிலை எல்லே இருக்கு. ஒருக்கா ஃபோனிலை உம்மடை கணக்குக்குள்ளை போய் இதைத் திறந்து விடச் சொல்லும்."

அக்கா கருவியைப் பார்த்தார். "என்னத்துக்கு?"

அண்ணன் பெட்டியின் தகரக் கதவைப் பிடித்தபடி நின்றார். "அங்கை மாதக் கணக்கிலை இருட்டு. வேலை முடிஞ்சால் அறை, அறையை விட்டால் வேலை. அந்தக் கோட்டைப் பாத்தால், இப்ப சமைக்கிறா, இப்ப லைற் போட்டிட்டா எண்டு தெரியும். வீட்டிலை இருக்கிற மாதிரி இருக்கும்." பொய் சொல்லும் குரல் அல்ல அது. அக்கா இளகிவிடுவார், கைபேசியை எடுத்து அந்தத் துவாரத்தைத் திறந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"தனிய எண்டால் ஃபோன் எடுங்கோ," என்றார் அக்கா. "எவ்வளவு நேரமெண்டாலும் கதைக்கிறன். இதைத் திறக்கமாட்டன்."

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். அக்காவும் நகரவில்லை. கீழ்த்தளத்தில் யாரோ பியானோ பழகிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் மீட்டர்ப் பெட்டியை மூடிவிட்டு, கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மதியம் மூவரும் அந்த மீனில் வைத்த குழம்பைச் சாப்பிட்டோம். அண்ணன் புளி கூட என்றார். அக்கா இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். விடுமுறை முடிந்து அவர் வடக்கே திரும்பிப் போனார். வீடு உடையவில்லை. ஊர் பேச அங்கே எதுவும் நடக்கவில்லை.

பிறகு எனக்குத் திருமணமாகி, ஒஸ்லோவிலேயே உள்ள ரொம்சோஸுக்குக் குடிபோனேன். எங்கள் வீட்டு இணைப்பு என் கணவர் பெயரில் இருக்கிறது. ஒருநாள் அவர் சாதாரணமாக, "நேத்து மத்தியானம் ஹீட்டர் நல்லா ஓடியிருக்கே, வீட்லயா இருந்த?" என்றார். அவர் கேட்டதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. அன்றே என் கைபேசியிலும் அந்தக் கோடு தெரியும்படி செய்யச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். அக்காவின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, அதன் பிறகு அவர் அப்படிக் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எனக்காகத்தான் என்பது தெரிகிறது. அதுவும் சில நாள் நெஞ்சில் உறுத்துகிறது.

சில வாரங்களுக்கு முன் குறொன்லாண்டுக் கடையில் அக்காவைப் பார்த்தேன். முடி கொஞ்சம் கூடுதலாக நரைத்திருந்தது. கன்னங்களில் காற்றில் நடந்த சிவப்பு இருந்தது. அண்ணன் இன்னும் வடக்கேதான் என்றார். ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறதாம். அது நெருங்க நெருங்கத் தனக்கு நெஞ்சு திக்கென்கிறது என்றும் சொன்னார். "வீட்டோடை வந்து இருந்திட்டால் கோடும் தேவையில்லை, கருவியும் தேவையில்லை" என்று சொல்லி, பைக்குள் மரவள்ளிக் கிழங்கை அடுக்கினார்.

"இப்பவும் கேக்கிறாராக்கா, எங்க போனீங்கன்னு?"

"ஓம், ஒவ்வொரு நாளும் கேக்கிறவர்" என்றார் அக்கா. "சில நாள் சொல்லுவன். சில நாள் சொல்லமாட்டன்."