அவளுடைய கத்திகள்

என் மனைவி பழைய மடக்குக்கத்திகளைச் சேர்த்தாள். அதை நான் ஊருக்கு மறைத்தேன். அவள் போன பிறகு இதை எழுதுவது எனக்குச் சுகமாக இல்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

மொன்றியலுக்கு வந்த பிறகு அவள் லாசால் பகுதியில் ஒரு பக்ரறியில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அட்டைப் பெட்டிகளை வெட்டித் திறக்கிற வேலை. அவர்கள் கொடுத்த பிளாஸ்ரிக் கத்தி கிழமைக்கு ஒன்று உடையும். ஒரு கோடைச் சனிக்கிழமை நாங்கள் கதிரை தேடி ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற கராஜ் சேலுக்குப் போனோம். அங்கே ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் ஆணிகளோடும் பழைய சாவிகளோடும் கிடந்த கத்தியை அவள் எடுத்தாள். விரல் நீளம்தான். பழுப்பு நிறப் பிடி, தடவினால் சொரசொரக்கும். நகத்தைக் கொடுத்து அலகைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்தச் சத்தத்தைக் கேளுங்கோ."

"கத்தியில என்ன சத்தம் கிடக்கு? கதிரையைப் பாரும்."

கதிரை வாங்கவில்லை. கத்தி வீட்டுக்கு வந்தது.

அலகின் அடியில் சிறிய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தில் ஏதோ ஒரு சிறிய ஊரில் செய்தது. அதன் பிறகு அதே எழுத்துப் பொறித்த கத்திகளையே அவள் தேடினாள். ஒவ்வொரு கோடையிலும் இரண்டு மூன்று கிடைக்கும். தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்தவை என்றால் இன்னும் பிடிக்கும். "பாவம், நல்லா உழைச்சிருக்கு," என்பாள், ஓர் ஆளைப் பற்றிச் சொல்வது போல.

கத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முதுகில் நகத்தை ஓட்டுவாள். அலகும் உள்ளே இருக்கிற வில்லுத் தகடும் சந்திக்கிற இடத்தில் நகம் தடக்கக் கூடாது. தடக்காவிட்டால் முகம் மலரும்.

"மிசின் இப்பிடிச் செய்யாது. ஆரோ ஒருத்தி இருந்து பாத்துப் பாத்து அரத்தால ராவியிருக்கிறாள்."

"ஏன், ஒருத்தன் ராவியிருக்கக் கூடாதோ?"

"ராவியிருக்கலாம். எனக்கு ஒருத்தி எண்டுதான் படுது."

ஒருநாள் நகரின் மறுபக்கம், அஹுன்ட்சிக்கில் இருந்து என் பள்ளித் தோழன் வந்தான். கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக இருந்த கத்திகளைக் கண்டு சிரித்தான்.

"என்னடாப்பா, கத்திக்கடை போடப் போறியோ?"

"ஓமடா, எனக்கு உதில ஒரு விருப்பம்," என்றேன்.

அவள் அப்போது தேநீர் கொண்டுவந்தாள். கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் போன பிறகு கேட்டாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பொம்பிளை கத்தி சேர்க்கிறா எண்டால் சனம் என்ன கதைக்கும்?"

"சரி," என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊருக்கு அவை என் கத்திகள் ஆயின. தோழன் அமெரிக்காவுக்குப் போய் வந்தபோது அதே எழுத்துப் பொறித்த ஒன்றைத் தேடி எனக்கென்று கொண்டுவந்தான். அவள் முன்னாலேயே நன்றி சொல்லி வாங்கினேன். அவள் அதை எண்ணெய் போட்டுத் துடைத்து, மற்றவற்றோடு வைத்தாள்.

அந்தக் கத்திகளைச் செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்ற செய்தியை நூலகத்துக் கணினியில் அவள்தான் வாசித்தாள். நூறு வருசத்துப் பக்ரறி. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அங்க வேலை செய்த சனம் இப்ப என்ன செய்யுதோ?"

"அவங்களுக்கு வேற வேலை கிடைக்கும். உமக்கேன் கவலை?" என்றேன். அப்போது நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் மருந்து ஏற்றினார்கள். குளிர்ந்த எதையும் தொடக் கூடாது என்று தாதி சொல்லியிருந்தார். அந்த மருந்து அப்படி, குளிர் பட்டால் விரல்கள் சுள்ளென்று குத்தும். ஃபிரிட்ஜைத் திறக்கக் கையுறை போட்டாள். தண்ணீரைச் சூடாக்கித்தான் குடித்தாள். ஒரு மத்தியானம் அலுமாரிப் பக்கம் அவள் அலறியது கேட்டு ஓடினேன். கத்தி தரையில் கிடந்தது. இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள்.

"கரண்ட் அடிச்ச மாதிரிக் கிடக்கு."

நான் அதை எடுத்து என் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்தேன். சூடேறியதும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஆனால் நகத்தால் திறக்க முடியவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. பிறகு நான்தான் திறந்தேன். பின்னேரங்களில் மூன்று நான்கை என் சேட்டுப் பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் இருப்பேன். ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

"முதுகில நகத்தை ஓட்டிப் பாருங்கோ. தடக்குதோ?"

"இல்லை."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

மறுபடி ஓட்டினேன். இரண்டு இரும்புகள் சேர்கிற இடம் தெரியவே இல்லை. எத்தனையோ வருடம் எங்கள் வீட்டுக்குள் இருந்த பொருள், அன்றைக்குத்தான் என் விரலுக்குப் பிடிபட்டது.

"தடக்கேல்லையப்பா. உண்மையா," என்றேன்.

அவள் சிரித்தாள். அந்த மாதங்களில் அவள் சிரித்தது குறைவு.

பனி கரைந்த நாட்களில் அவள் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் வீடு நிறைய ஆட்கள். படையல் முடிந்து சாப்பிட இருந்தபோது, என்னைத் தேற்ற நினைத்தோ என்னவோ, தோழன் அலுமாரியைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான்.

"இவன்ரை கத்தியளைப் பாத்தனீங்களோ? எல்லாம் பழைய அமெரிக்கச் சாமான்."

"அது என்ரை இல்லை," என்றேன். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். "அவளின்ரை. ஒவ்வொண்டும் அவள் தேடி எடுத்தது. நான்தான் வெக்கத்தில என்ரை எண்டு சொன்னனான்."

தோழன் இலையைப் பார்த்துக் குனிந்தான். பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண் கையில் சோற்றுப் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். மட்டக்களப்புப் பிள்ளை, லாசாலில் என் மனைவியோடு வேலை செய்தவள்.

"அக்காட கத்தி எண்டு எங்களுக்கெல்லாம் தெரியும் அண்ணன்," என்றாள். "மதியச் சாப்பாட்டுக்கு இருக்கக்குள்ள கொண்டந்து காட்டுவா. அந்தக் கத்தி செய்யிற பக்ரறி மூடினத கேள்விப்பட்ட அடுத்த நாள் அக்கா சாப்பிடவே இல்ல. அழுதவ."

எனக்கு அது தெரியாது.

"உங்களப் பத்தியும் சொல்லுவா," என்றாள். "எங்கட அவர்தான் எனக்கெண்டு தேடித் தேடி வாங்கித் தாறவர் எண்டு. நாங்க பகிடி பண்ணுவம், என்ன அக்கா, மற்ற மனிசன்மார் தோடு வாங்கித் தாறாங்க, உங்கட அவர் கத்தி வாங்கித் தாறார் எண்டு. அவக்குச் சரியான சந்தோசம்."

அந்தப் பிள்ளை ஆறுதலுக்காகத்தான் அதைச் சொன்னாள். ஓம் என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்லைப் பிள்ளை. நான் ஒண்டு கூட வாங்கிக் குடுக்கேல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். சேலைத் தலைப்பால் தன் முகத்தைத் துடைத்தாள். "சாப்பிடுங்க அண்ணன்," என்றாள். சோறு ஆறிப்போயிருந்தது. நான் பிசைந்து சாப்பிட்டேன்.